குழாயடிச் சத்தம்

அந்த ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் சார். விழுப்புரம் வெயில் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இந்தக் கடகடப்பில் நான் சொல்வதில் பாதி உங்கள் காதில் விழாது. எனக்கோ உட்காரவே முடியவில்லை.

நான் தாண்டவராயன். திண்டிவனத்தில் கேசட் ரெக்கார்டிங் கடை. ஹாஜிரா பீவிக்கு எழுதத் தெரியாது. துபாயில் இருக்கும் வீட்டுக்காரர் அமீர் பாட்சாவுக்குக் கேசட்டில் பேசித்தான் அனுப்புவார். ஒருநாள் என் கடையில் அதைப் போட்டுப் பார்த்தார். “இரைச்சலா கீதும்மா. மாசாமாசம் எங்கிட்ட குடுங்க, சுத்தமா ஏத்தி நானே தபால்ல அனுப்பிடறேன்” என்றேன். சும்மா சொல்லக் கூடாது, என்ன குரல் அது! அடுத்த கேசட் வரும்வரை தவித்துக் கிடப்பேன்.

ஏப்ரலில் வந்ததில், “மாருல கட்டிங்க. ஆப்பரேசன் பண்ணணுமாம். நீங்க வராம நான் படுக்க மாட்டேன், ஜல்தியா வாங்க” என்று அழுதார். அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கும் மனுஷன் இதைக் கேட்டால் என்ன ஆவார்? அதை யோசித்துத்தான் செய்தேன்.

பெரிய சத்தத்தின் அடியில் இருக்கும் சின்னச் சத்தத்தைக் காது விட்டுவிடும், சார். இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சுருதியாக இருக்க வேண்டும். பஸ் ஹாரன் உதவாது, பேச்சு வெளியே தெரிந்துவிடும். பெண் குரலைப் பெண் குரல்தான் மூடும். குழாயடியில் நாலைந்து பெண்கள் கத்துவதை டேப்பில் பிடித்துவந்து அந்த இடத்தில் மட்டும் ஏற்றினேன். ஜெர்மனியில் இப்படிக் காதுக்கு எட்டாத சத்தத்தையெல்லாம் கழித்து, பாட்டையே சின்ன இடத்தில் அடக்கப் பார்க்கிறார்களாம். பத்திரிகையில் படித்தேன்.

பாய் என் கடை விலாசத்துக்குப் பதில் கேசட் அனுப்பினார். “ஒரே சத்தம் புள்ள. நீ நல்லா இருந்தா போதும்.” முதல் வார்த்தைகளை அழித்துவிட்டுத்தான் அந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

மே, ஜூன் கேசட்டுகளிலும் அப்படியே மூடினேன். ஜூலையில் அந்த அம்மா, “நாலு தபா சொல்லிட்டேன், ஒரு வார்த்தை கேக்கலியே நீங்க” என்றார். அதையும் மூடினேன். அது சுலபமாகவே இருந்தது, குரல் ரொம்பத் தேய்ந்திருந்தது.

அக்டோபரில் இறந்துபோனார். பாய் கேட்கவே இல்லை என்ற நினைப்போடுதான் போயிருப்பார். எனக்கும் வருத்தம்தான்.

பாய் வந்துவிட்டால் கேசட் நின்றுபோகும் என்பது எனக்குத் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அசல் கேசட்டுகள் ஏழும் என் பீரோவில் இருக்கின்றன, தினமும் கேட்கிறேன். பாயிடம் கொடுத்துவிடாதீர்கள், அவர் பத்திரமாக வைத்துக்கொள்ள மாட்டார். ஒன்றில்கூட இரைச்சல் கிடையாது, சார். முதல் கேசட்டிலும் இல்லை.