முழுச் செபமாலை

— ஏண்டி, பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனவ அம்புட்டு நேரம் உள்ளயே உக்காந்துட்ட? ஒனக்குப் பின்னாடி வரிசை கோயில் வாசல் வரைக்கும் நின்னுச்சு.

— கூல்மா, கூல். பஸ் ஏறுற வரைக்குங்கூடப் பொறுக்க மாட்டீகளா?

— ஆஷ்லினு, அம்மாட்ட சொல்லு. சாமியாரு என்ன பரிகாரம் குடுத்தாரு?

— முழுச் செபமாலை.

— முழுசாவா? மாதாவே! பொய்யி, கோவத்துக்கெல்லாம் மூணு 'அருள் நிறைந்த மரியே'யோட விட்ருவாரே. அப்ப பெருசாத்தான் இருக்கும். பையனா?

— ஆமா. ரெண்டு.

— ரெண்டா!

— கத்தாதீக, காரைக்குடிக்கே கேக்கும். மரியசூசை தாத்தா அங்குட்டு நின்னு காதத் தீட்டிக்கிட்டு இருக்காரு.

— பதினஞ்சு வயசுல வாயப் பாரு. நெசத்தச் சொல்லு. பரீச்சையில பாத்து எழுதினியா?

— நீங்களா ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்க. பிடிச்சதுக்குத் தலையாட்டுறேன்.

— திமிரு! ஒம்பது வயசுல புதுநன்மை வாங்கயில, மொத மொதல்ல சாமியார்ட்ட என்னென்ன பாவம் சொல்லணும்னு ஒனக்கு நாந்தான சொல்லிக் குடுத்தேன்? இப்ப நான் வேத்தாளாயிட்டேனா?

— அதப் பேசாதீக! நீங்க சொன்னத அப்பிடியே ஒப்பிச்சேன், 'மாமியார எதுத்துப் பேசினேன் சாமி'ன்னு. சாமியாரு உக்காந்திருந்த கூண்டே ஆடுற அளவுக்குச் சிரிச்சாரு மனுசன்.

— அடுப்படியில நின்னுக்கிட்டே சொல்லிக் குடுத்தேனா, என்னோடதும் ஒன்னோடதும் கலந்து போச்சு.

— அதான், இப்ப என் பாவத்த நானே பாத்துக்கிறேன்.

— அப்பல்லாம் பள்ளிக்கூடத்துல தும்முனாக்கூட ஓடியாந்து சொல்லுவ. இப்ப ரூமுக் கதவச் சாத்திக்கிற. மனசுக்குக் கஷ்டமா இருக்குடி. ஆத்தாளுக்கும் மகளுக்கும் நடுவுல என்ன ஒளிவு மறைவு?

— இத நீங்க கேக்குறீக?

— ஏன், நான் என்னத்த மறைச்சேன்?

— சரி, அழுகாதீக. சொல்லிர்றேன். பொறாமைம்மா. தூக்கம் வராத அளவுக்குப் பொறாமை. 'இது இல்லாமலே இருந்திருக்கலாம்'னு நெனச்சுட்டேன். அதான் சாமியார்ட்ட அழுதேன்.

— அய்யோ, தங்கம்! யாரு மேலடி அம்புட்டுப் பொறாமை? பேரச் சொல்லு.

— இன்னும் பேரு வைக்கலையே. எங்கிட்ட எப்பம்மா சொல்றதா இருந்தீக, உங்க வயித்த விட்டு எறங்குன பெறகா?