கையெழுத்தில்லாத இருபத்தொன்பது தாள்கள்

தலைமை தாங்கும் ஓவியர் மன்றத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் கண்காட்சிக் கூட உரிமையாளர் அவர்களே, அச்சகத்தைப் பகலிலேயே பூட்டிவிட்டு வந்து முதல் வரிசையில் இருக்கும் அச்சக அண்ணன் அவர்களே, அம்மாவை இழந்து நிற்கும் மகளே, வீட்டுச் சுவரில் அக்காவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது என்ற ஒரே உறவில் இங்கே வந்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் கல்லூரியில் ஓவிய வரலாறு கற்பிக்கிறவள். புகழ்ந்து பேசிப் பழக்கமில்லை. இறந்தவர்களைப் பற்றி மேடையில் சொல்லப்படுவதில் பாதியை நம்பாத குணமும் எனக்கு உண்டு. ஆகவே நான் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன். அதுவே அவரைப் புகழப் போதுமானது.

பென்சில் அக்கா! அறுபத்திரண்டு வயதில் போய்விட்ட நம் ஓவியரை இந்த அரங்கில் வேறு எந்தப் பெயராலும் யாரும் அழைத்ததில்லை. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். தேவைப்படும் நேரத்தில் மட்டும் அது அங்கே இருப்பது மறந்துபோகும். "என் பென்சிலை எவன் எடுத்தான்?" என்று வீடெல்லாம் தேடுவார். மகள் பின்னால் வந்து உருவிக் கையில் கொடுப்பாள். "எவனும் எடுக்கலம்மா. உன் தலையிலதான் இருக்கு." "என் தலையில வேற என்னென்ன இருக்குன்னு பாரு, அதையும் எடுத்துக் குடு."

நண்பர்களே, இன்று நான் ஒரு கேள்விக்குப் பதிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்கா கடைசியாக அச்சுக்குக் கொடுத்த ஓவியம் 'வெயில் விழும் பின்சுவர்'. ஒரு சலவைக்கடையின் பின்பக்கம், காயும் விரிப்புகள், அவற்றுக்குப் பின்னால் சாயங்கால வெயில். அதிலிருந்து நாற்பது அச்சுப் பிரதிகள் எடுக்கப்பட்டன. நாற்பதுக்கும் ஆள் பதிவு செய்துவிட்டார்கள். அக்கா பதினொன்றில் கையெழுத்திட்டார். மறுநாள் காலை பக்கவாதம் வந்து விழுந்தார். ஒன்பதாம் நாள் நம்மை விட்டுப் போனார். மீதி இருபத்தொன்பது தாள்கள் கையெழுத்தில்லாமல் அவர் மேசைமேல் கிடக்கின்றன. இன்னும் மூன்று வாரத்தில் அவருடைய கண்காட்சி. அந்தத் தாள்களை என்ன செய்வது? இந்தக் கேள்வி அவர் மகளின் தலையில் விழுந்தது. அவள் எடுத்த முடிவைச் சொல்லத்தான் என்னை இங்கே நிற்க வைத்திருக்கிறாள். ஆனால் அக்கா எப்படி வேலை செய்தார் என்பதைச் சொல்லாமல் அந்த முடிவைச் சொன்னால் அது உங்களுக்குப் பிடிவாதமாகத் தோன்றும்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய கண்காட்சி ஒன்றைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினேன். "ஒரே படத்தை ஐம்பது பேருக்கு விற்கிறவருக்கு அடுத்த படத்தை வரைய நேரம் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தேன். அந்த வயதில் அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நாளில் தொலைபேசி வந்தது. "டீச்சர், நல்லா எழுதியிருக்கீங்க. நேரம் இருக்கான்னு கேட்டீங்களே, செவ்வாய்க்கிழமை வாங்க, வந்து நீங்களே பாருங்க." சண்டை போடுவார் என்று நினைத்துப் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். என் கையில் ஒட்டு நாடாவைக் கொடுத்து, "இந்த முனையைப் பிடிங்க" என்றார். அன்று மாலை ஐந்து மணிவரை இருவரும் அட்டைக் குழாய்களுக்குள் பிரதிகளைச் சுருட்டி வைத்து ஒட்டினோம். என் கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாரா? பேசவில்லை!

அவருக்கு இரண்டு அறைகள். பின்னறையில் காலை ஏழு மணியிலிருந்து ஒரு மணிவரை வரைவார். அந்த நேரத்தில் கைபேசி சலவை இயந்திரத்துக்குள் இருக்கும். சத்தம் கேட்காமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி அது. ஒருமுறை துணியோடு சேர்த்துத் துவைத்தும் விட்டார். மதியத்துக்கு மேல் முன்னறை. அச்சுப் பிரதிகள், உறைகள், முகவரிகள், கூரியர்காரர், "என் படம் இன்னும் வரலையே" என்று கேட்கிறவர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கண்காட்சி. மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"பிரிண்ட் என் அடுப்பை எரிய வைக்குது டீச்சர். ஒரிஜினல் என்னைத் தூங்க விடாம வைக்குது."

"கண்காட்சி?"

"அது செருப்பைத் தேய்க்குது."

சிரித்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். நன்றாக விற்ற படத்தையே திரும்பத் திரும்ப வரைந்து, கடைசியில் தன் கையே அச்சு இயந்திரமாகிப் போன எத்தனை ஓவியர்களை நாம் பார்த்திருக்கிறோம்! விற்பதே இழிவு என்று சொல்லிவிட்டு, வீட்டில் மற்றவர்களை வேலைக்கு அனுப்பிய எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! அக்கா இரண்டையும் செய்யவில்லை. ஐம்பது என்று சொன்னால் ஐம்பதுதான். ஐம்பத்தோராவது ஆளிடம் "அடுத்த படத்துக்கு வாங்க" என்பார். அடுத்த படம் முந்தைய படத்தைப்போல இருக்காது. அதில் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

மூல ஓவியம் விற்றுப்போன பிறகு அதை அச்சிடச் சட்டப்படி அவருக்கு உரிமை இருந்தது. ஆனாலும் வாங்கியவரிடம் கேட்காமல் அச்சுக்குக் கொடுக்கமாட்டார். 'பின்சுவர்' ஓவியத்தை வாங்கியவர் ஒரு பல் மருத்துவர். அவரிடம் நாலு நாளைக்குக் கேட்டு வாங்கி வந்துதான் நிறம் ஒப்பிட்டார். "தாராளமா அடிங்க, ஆனா சீக்கிரம் திருப்பிக் கொடுங்கம்மா. என் கிளினிக்ல வர்றவங்க பயப்படாம பார்க்கிற ஒரே பொருள் அதுதான்" என்றாராம் அவர்.

நிறம் ஒப்பிடுவது என்றால் என்ன என்பதை அச்சக அண்ணனைக் கேளுங்கள். வடக்கு ஜன்னலடியில், விளக்கில்லாமல், பகல் வெளிச்சத்தில் மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு தாளையும்! ஒருமுறை அண்ணன் பொறுமையிழந்து, "அக்கா, இந்த மஞ்சள் வந்த அழகுக்கு என் பொண்ணையே கட்டிக் கொடுக்கலாம்" என்றார். "பொண்ணைக் கொடு தம்பி. மஞ்சளை மாத்து."

அப்படித் தேறிய தாள்களில் ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் கையெழுத்திடமாட்டார். படத்துக்குக் கீழே உள்ள வெள்ளை ஓரத்தில், பென்சிலால், இடப்பக்கம் எத்தனையாவது பிரதி என்ற எண், வலப்பக்கம் பெயர். அண்ணனுக்கு இதுவும் பொறுக்காது. "மந்திரி ஒரு நாளைக்கு ஆயிரம் கையெழுத்துப் போடறாருக்கா." "அதான் எதுல போட்டோம்னு அவருக்கே தெரியல." ஆறுக்குப் பிறகு எழுதுவது கை இல்லை, பழக்கம் என்பது அவர் எண்ணம். முதல் நாள் ஆறு, இரண்டாம் நாள் ஐந்து. ஐந்தோடு "கை கனமா இருக்கு" என்று பென்சிலைக் கீழே வைத்தார். நாற்பதையும் ஒரே மூச்சில் போட்டிருந்தால் இன்று இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. "நான் இன்னும் நாலு தடவை சொல்லியிருக்கணும்" என்று மருத்துவமனை வாசலில் அண்ணன் அழுதார். அண்ணே, நீங்கள் நானூறு தடவை சொல்லியிருந்தாலும் அக்கா கேட்டிருக்கமாட்டார். அது உங்கள் தவறில்லை. இதை இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

இவ்வளவு கவனமானவர் தவறே செய்ததில்லையா? செய்தார். 'மழை விட்ட நிலையம்' என்ற பதிப்பில் ஐம்பதில் பதினேழு என்று இரண்டு தாள்களில் எழுதிவிட்டார். பதினெட்டாம் எண்ணே இல்லை! கண்காட்சிக்கு வந்த ஒரு செவிலியும் ஒரு பேருந்து ஓட்டுநரும் பேச்சுவாக்கில் "என்னுது பதினேழு", "இல்லையே, என்னுதுதான் பதினேழு" என்று மோதிக்கொண்டபோதுதான் தெரிந்தது. அக்கா உடனே பென்சிலைத் தேடினார். ஒன்றைப் பதினெட்டாக்கித் தருகிறேன் என்றார். இருவருமே மறுத்துவிட்டார்கள். செவிலியின் வீட்டுக் கதவு எண் பதினேழாம். ஓட்டுநர் காரணமே சொல்லவில்லை, "குடுத்தது குடுத்ததுதான்" என்றார்.

நம் கூடத்து உரிமையாளர் அன்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சொல்லலாமா ஐயா? தலையாட்டுகிறார். "விடுங்கக்கா, யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே."

அந்தப் பதிப்பை வாங்கிய எல்லோருக்கும் தன் கையால் அஞ்சலட்டை எழுதினார். 'பதினேழு இரண்டு உண்டு, பதினெட்டு கிடையாது, இரண்டும் என் வேலைதான், பிழையும் என்னுடையதுதான்.' ஒருவரும் திருப்பித் தரவில்லை. ஒரே ஒருவர் மட்டும் பதில் எழுதினார்: 'என்னுடையது இருபத்துமூன்று. அதைப் பதினெட்டாக மாற்றித் தர முடியுமா?'

இனி அந்த இருபத்தொன்பதுக்கு வருகிறேன்.

அக்காவின் மகளுக்கு ஒரு திறமை உண்டு. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு மதிப்பெண்ணை அம்மாவிடம் காட்டப் பயந்து, மதிப்பெண் அட்டையில் அம்மாவின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டாள். அக்கா அதைக் கண்டுபிடித்து, நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கையெழுத்து அருமை. கணக்குதான் மோசம்" என்றார். இந்தக் கதை இங்கே பலருக்குத் தெரியும். தெரிந்த ஒருவர், நல்லெண்ணத்தில்தான், போன வாரம் அவளிடம் சொன்னார்: "அம்மா பார்த்துத் தேறின தாள்தானேம்மா. கையெழுத்து மட்டும்தானே பாக்கி. நீ போட்டா அம்மா போட்ட மாதிரிதான்." காத்திருப்பவர்களை ஏமாற்றக் கூடாதே என்ற கவலையில் வந்த பேச்சு அது. நான் அவரைக் குறை சொல்லவில்லை.

மறுநாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். அவள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். ஒரு துண்டுத் தாளை என் முன் வைத்தாள். அதில் பென்சிலில் மூன்று கையெழுத்துகள்.

"டீச்சர், இதுல அம்மா போட்டது எது?"

நண்பர்களே, எந்த ஓவியம் யார் வரைந்தது என்று பார்த்துச் சொல்வது என் தொழிலின் ஒரு பகுதி. கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். நடுவில் இருப்பது என்றேன்.

"மூணுமே நான் போட்டது" என்றாள். பிறகு, "எனக்கே பயமா இருக்கு டீச்சர்" என்றாள்.

யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியவில்லை என்றால் இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியும்? அந்தப் பெண் வேண்டுமென்றால் ஒரே பிற்பகலில் எல்லோரையும் திருப்திப்படுத்தியிருக்கலாம். நான் அவளிடம் கடுமையாகத்தான் பேசினேன். கையெழுத்தில்லாதவற்றைக் கிழித்துப் போட்டுவிடு, பதினொன்றோடு முடியட்டும் என்றேன். அதுதான் முறை என்று நினைத்தேன். "அம்மா ஒவ்வொண்ணா ஜன்னல்ல வெச்சுப் பார்த்துச் சரின்னு சொன்னதை நான் எப்படிக் கிழிக்கிறது? அதுவும் பொய்தானே டீச்சர்?" என்று கேட்டாள்.

பிறகு அவள் செய்ததை நான் யோசித்தேகூடப் பார்க்கவில்லை. பதிவு செய்திருந்த இருபத்தொன்பது பேரையும் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா இந்தத் தாளைப் பார்த்தாங்க, சரின்னு சொன்னாங்க. கையெழுத்துப் போடறதுக்குள்ள போயிட்டாங்க. எண்ணும் இல்லை, பேரும் இல்லை. உங்களுக்கு வேணுமா?" மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அது அவர்கள் உரிமை, அவர்களில் ஒருவர் இங்கே வந்தும் இருக்கிறார், அவருக்கு என் மரியாதை. இருபத்தாறு பேர் வேண்டும் என்றார்கள். ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் இடையிலேயே பேச்சை நிறுத்தி, "நான் என்ன கையெழுத்துக்காகவா கேட்டேன்? அந்தச் சுவத்துக்காகக் கேட்டேன்ம்மா" என்றாராம்.

ஆகவே, மகளின் சார்பிலும் அச்சகத்தின் சார்பிலும், இன்று காலை தானாகவே வந்து ஒப்புக்கொண்ட கூடத்தின் சார்பிலும் சொல்கிறேன். கண்காட்சி சொன்ன தேதியில் திறக்கும். அக்கா வரைந்து முடித்த பதின்மூன்று ஓவியங்களும் மாட்டப்படும். பதினான்காவது பாதியில் நிற்கிறது. அதில் யாரும் தூரிகை வைக்கமாட்டார்கள். பாதி என்றே எழுதி மாட்டுவோம். இனி அவர் பெயரில் புதிதாக ஒரு பிரதியும் அச்சேறாது. அவர் விற்ற ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை நானும் என் மாணவர்களும் தொடர்ந்து காப்போம். அந்த இருபத்தாறு தாள்களும் அவர் விட்டுப்போனபடியே உங்கள் வீடு வந்து சேரும். முத்திரை இல்லை, சான்றிதழ் இல்லை, நாங்கள் ஒரு புள்ளிகூட வைக்கமாட்டோம்.

வாங்கப்போகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. நீங்கள் அதை ஃபிரேம் கடைக்குக் கொண்டுபோவீர்கள். கடைக்காரர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கீழே சும்மாதானே வெள்ளையா இருக்கு, ஒட்ட வெட்டிடவா?" என்று கேட்பார். அந்த இடத்தில்தான் அக்காவின் கை வந்திருக்க வேண்டும்.

வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.