ரிஸ்வியின் பெட்டியும் என் வயிற்றெரிச்சலும்

மேடைக்கு மேன்மை சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் ஹாஜியார் அவர்களே! நோர்வூட்டின் கடைவீதியையும் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளையும் ஒரே கூரையின் கீழ் ஒன்றுகூட்டிய பெரியோர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு இந்தக் குளிரிலும் கூடியிருக்கும் என் தாய்மார்களே! வளைவுக்கு வளைவு உயிரைக் கையில் பிடித்து ஓட்டும் சாரதித் தோழர்களே! இன்றைய பாராட்டு விழாவின் நாயகன், கைபேசிக் கடை ரிஸ்வித் தம்பியே! வணங்குகிறேன். வாழ்த்த வந்திருக்கிறேன். வயிறு எரிய எரிய வாழ்த்த வந்திருக்கிறேன்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற சோலைமலைக்குப் பொறாமை என்று சந்தி முழுக்கப் பேசுகிறீர்களே, அதை மேடையிலும் பேசிவிடுவோம். ஆம், பொறாமைதான்!

நம் தோட்டத்து மேல் பிரிவுப் பாதையில் இரண்டு வண்டி ஒதுங்க இடமில்லை. பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதிரே வருவது கொழுந்து லொறியா, எமனா என்று தெரியாது. மலை மறைப்பதால் கைபேசியும் வாய் திறக்காது. வண்டியோடு வண்டி பேச வேண்டும் என்று முதலில் சொன்னவன் யார்? நான்! கம்பியில்லாக் கருவி வாங்கித் தன் வேனில் முதலில் பூட்டியவன் யார்? நான்! முதல் வளைவு தாண்டியதும் பேச்சு அறுந்தது. அறுந்தால் விடுவேனா? எட்டவில்லை என்றால் உயர்த்து என்று, வேன் கூரையில் நெடுநெடுவென ஒரு கம்பியை நட்டேன். அந்தக் கம்பி எட்டிப் பிடித்தது எதை? மாரியம்மன் திருவிழாத் தோரணத்தை! வாழைமரமும் மாவிலையும் வண்ண விளக்கும் என் கூரையில் ஏறிக்கொள்ள, சாமிக்கு முன்னால் நான் ஊர்வலம் போனேன். என்ன சொல்கிறான் அங்கே ஜீவராஜ்? "அம்மனுக்கே வழி காட்டுனீங்கண்ணே!" சொல்லப்பா, சொல். கொழுந்து லொறியில் உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவன், நீ சொல்வாய்!

ரிஸ்வி என்ன செய்தார்? கம்பியை உயர்த்தவே இல்லை. ஒரு றாத்தல் பாண் ரொட்டியைவிடச் சிறிய பெட்டியை வண்டிக்கு வண்டி பூட்டினார். மேலே லொறி சொன்னதை நடுவில் வரும் வண்டி கேட்கும். கேட்டதைத் தானாகவே கீழே வரும் வண்டிக்குச் சொல்லும். ஒருவர் குரல் எட்டாத இடத்துக்கு அடுத்தவர் குரல் எட்டும். "இத எங்க படிச்சீங்க தம்பி?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலில்தான் எனக்கு அடிவயிறு பற்றிக்கொண்டது.

"தோட்டத்துலதாண்ணே. கங்காணி கத்துனா கடைசி நெரையில நிக்கிறவங்களுக்குக் கேக்காது. நெரைக்கு நெர ஒருத்தருக்கொருத்தர் சொல்லித்தானே எல்லாரும் கொழுந்து நிறுக்க வாராங்க."

தாய்மார்களே! லயத்தில் பிறந்தவன் நான்! என் தாய் கொழுந்து பறித்த மலையில், கூடை ஓரத்தில் வளர்ந்தவன் நான்! நாள்தோறும் என் காதில் விழுந்ததை, கைபேசிக்கு உறை விற்கிறவர் ஒரே ஒரு நாள் வந்து கேட்டுக்கொண்டு போய்விட்டார்! எரியாதா? உங்களுக்கென்றால் எரியாதா? "கத்துற எங்களுக்கே தோணல, நாங்க எரிஞ்சா போனோம்?" என்கிறார் முன்வரிசை ராசம்மா அக்கா. அக்கா, உங்களுக்குப் பெரிய மனசு. ஆண்டவன் எனக்கு அவ்வளவு தரவில்லை.

அதனால்தான் அந்தப் பெட்டியை என் வேனில் பூட்ட விடவில்லை. காலையில் நடு வளைவுகளில் ஓடுவது என் வேன் ஒன்றுதான். அது ஊமையாக இருந்தால் மேலே சொன்னது கீழே வராது. தெரியும். தெரிந்தேதான் சொன்னேன், முடியாது என்று! இன்றும் சொல்கிறேன், இந்தச் சோலைமலையின் மூச்சு உள்ளவரை...

யாரது எழுந்து நிற்பது? வினோதாவா? என் வேனில் மகளை ஏற்றி அனுப்புகிற பிள்ளை. சொல்லம்மா, ஒலிவாங்கி வேண்டாம், கேட்கிறது.

"வயித்தெரிச்சல் இருந்துட்டுப் போகட்டும்ண்ணே. செவ்வாக்கெழம பனியில எதுர வந்த லொறிக்கு முன்னால பிரேக் போட்டீங்கள்ல, எம்மக வீட்டுக்கு வந்து இனிமே வேன்ல ஏற மாட்டேன்னு சொல்லிட்டா. நாளைக்கு அவள ஏத்தவா, வேணாவா? அத மட்டும் சொல்லுங்க."

சபையோரே, அடுக்குமொழியை இங்கே இறக்கிவைக்கிறேன். அந்த வளைவில் லொறியின் முகப்பைக் கையால் தொடுகிற தூரத்தில்தான் என் வேன் நின்றது. ஏத்தம்மா. தைரியமாக ஏத்து.

ரிஸ்வித் தம்பி, இங்கே வாருங்கள். இதோ வேன் சாவி. வண்டி வாசலில்தான் நிற்கிறது. கூட்டம் கலைவதற்குள் பெட்டியைப் பூட்டுங்கள். கைதட்டாதீர்கள் ஐயா! என் பொறாமை போய்விட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். அது குத்துக்கல்லாட்டம் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒன்று: நாளை முதல் மேலேயிருந்து ஜீவராஜ் கூப்பிட்டால், என் வண்டி சொன்னால்தான் கீழே உங்களுக்குக் கேட்கும். அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்!

பொறுத்துக் கேட்ட தலைவருக்கும் பெரியோருக்கும் தாய்மாருக்கும் நன்றி. அனைவருக்கும் வணக்கம், ஸலாம். வினோதா, காலையில் பிள்ளையை முன் சீட்டில் ஏற்றிவிடு. பெட்டி முதலில் பேசுவதை அவள் கேட்கட்டும்.