கீழத்தெருவில் தண்ணீர் லாரியை மறித்தது பற்றி

என் பெயர் சுப்புத்தாய், வயது 38. கணவர் பெயர் கன்னையன். போடிநாயக்கனூரில் கீழத்தெருவில் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் கூலி வேலை செய்கிறேன். என் கணவர் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார், சனிக்கிழமைதான் இறங்கி வருவார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்வதை ஏட்டய்யா எழுதுகிறார்.

எங்கள் தெருவுக்கு ஒரே குழாய். இந்த 1983ஆம் வருடம் தை மாதத்திலிருந்து அதில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் எல்லார் குடமும் நிறைவதற்குள் நின்றுவிடும். தண்ணீருக்கு நின்றால் கூலி போகும், கூலிக்குப் போனால் தண்ணீர் போகும். அதனால் நானும் பக்கத்து வீட்டு ரசியாவும் மாற்றி மாற்றிக் குழாயடியில் காத்துக் கிடப்போம். கிடைத்ததைத் தகர டிரம்மில் ஊற்றி, புழு விழாமல் பழைய சேலையால் வாயைக் கட்டி வைப்போம். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவுவோம். பாத்திரம் கழுவியதைக் கக்கூசுக்கு வைத்துக்கொள்வோம். என் மகள் பொன்னுமணி பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் இதேதான். பச்சை உடம்புக்காரிக்குத் தலைக்கு ஊற்ற ஒரு வாளி சேர்க்க என்னால் முடியவில்லை.

நேற்று காலை எழுந்து பார்த்தபோது, டிரம்மின் அடித்தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, இருந்த தண்ணீர் முழுவதையும் மண்தரை குடித்திருந்தது. பொன்னுமணி குழந்தையின் துணியை ஈரத்தில் ஒற்றி ஒற்றிச் செம்பில் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்ததில் சேறுதான் வந்தது. அதைப் பார்த்ததும் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்போது தண்ணீர் லாரி வந்தது. லாட்ஜுகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் இந்த லாரிகள் தினமும் எங்கள் தெரு வழியாகச் சொட்டிக்கொண்டே போகும், நிற்காது. நான் குடத்தோடு நடுரோட்டில் உட்கார்ந்தேன். அதைப் பார்த்து ரசியாவும் தெருப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். டிரைவர் திருப்பதி ஹாரன் அடித்துவிட்டு இறங்கி வந்தார்.

"ஏத்தா, எந்திரி. அவசர லோடு."

"லாட்ஜுல குளிக்கிறவனுக்கு என்னண்ணே அவசரம்? எங்க வீட்டுல பிள்ள பெத்தவ உடம்பு நாறிக் கெடக்கா."

அவர் ஏதோ பதில் சொன்னார். பெண்கள் போட்ட சத்தத்தில் அது என் காதில் விழவில்லை. அதன்பிறகு நான் பின்பக்கம் போய் வால்வைத் திருகினேன். அவர் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். அப்போது என் குடம் அவர் நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. வேண்டுமென்று அடிக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வருத்தமும் இல்லை.

எல்லாரும் பிடித்தோம். சிலர் வீட்டு அண்டாவில் ஊற்றிவிட்டு மறுபடியும் வந்தார்கள். திருப்பதி துண்டால் நெற்றியைப் பொத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். சத்தம் அடங்கிய பிறகுதான் அவர் சொன்னது கேட்டது. "பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போற தண்ணித்தா இது. அங்க தொட்டியில சொட்டு இல்ல. வலி வந்த பொண்ணை உள்ள வச்சுக்கிட்டு எனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காக."

நான் ஓடிப் போய் வால்வை மூடப் பார்த்தேன். மரை வழுக்கிவிட்டது, மூட முடியவில்லை. மிச்சமும் சாக்கடைக்குப் போனது. நான் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். ரசியாதான் முதலில் தன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

"எடுக்கா, வெரசாப் போவம்" என்றார்.

வீடுகளுக்குள் போனதையும் வெளியே கொண்டுவந்து, குடங்களை லாரி மேலேயே ஏற்றி, நாங்களும் ஏறிக்கொண்டோம். திருப்பதி ஒற்றைக் கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். தராத வீடுகளும் உண்டு. அவர்கள் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அவர்கள் அண்டாவும் பல நாளாகக் காய்ந்து கிடந்ததுதான். என் மகள் ஒரு குடத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதை நான் பார்த்தேன். எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரித் தொட்டியில் நாங்களே வரிசையாக நின்று ஊற்றினோம். பாதிகூட நிறையவில்லை. ஊற்றி முடித்தும் யாரும் கிளம்பவில்லை, அங்கேயே சுவரோரம் நின்றோம். மதியத்துக்கு மேல் நர்சம்மா வந்து, ஆண் குழந்தை, தாயும் நன்றாக இருக்கிறாள் என்றார். அதன்பிறகுதான் நான் திருப்பதியிடம் போய், "மன்னிச்சுருங்கண்ணே" என்றேன். அவர் நெற்றியில் தையல் போட்டிருந்தார்கள். "புகார் ஓனர் குடுத்திருக்காருத்தா, என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். போலீசார் வந்து அழைத்ததும் நானாகவே ஜீப்பில் ஏறினேன்.

சாயங்காலம் ரசியா ஸ்டேஷனுக்கு எனக்குச் சோறு கொண்டுவந்தார். நாங்கள் ஆஸ்பத்திரியில் நின்றிருந்த நேரத்தில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வந்ததாம். பிடிக்க ஆளில்லாமல் ரோட்டில் ஓடிவிட்டு நின்றுவிட்டதாம்.

லாரியை மறித்தது நான், வால்வைத் திறந்ததும் நான், மற்ற பெண்களை இதில் சேர்க்க வேண்டாம். எழுதியதை ஏட்டய்யா எனக்குப் படித்துக் காட்டினார். கூட்டியதோ குறைத்ததோ எதுவும் இல்லை, நடந்தது இவ்வளவுதான்.

சுப்புத்தாய், இடது கைப் பெருவிரல் ரேகை.