பிளாஸ்டிக் பைப்புல ஏர்த் கம்பி

ஆமா தம்பி, அந்தப் பொண்ணு செத்தது இந்த பாத்ரூம்லதான். பயப்படாதீங்க, மெயின் சுவிட்ச இறக்கிட்டேன். ஏணிய நல்லா ஊனிக்கங்க, தரை வழுக்கும்.

லைட்டா? சுத்தப் பித்தளை. மகன் அன்ட்ரூ டுபாயில இருந்து கொண்டாந்தது. வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு இப்பிடி யாரு போட்டுக் குடுப்பா? இந்த மஹய்யாவையில ஒரு வீட்டக் காட்டுங்க பாப்போம். அந்த ஷிரோமிக்கு நன்றியே இல்ல. யேசு பொறந்த நத்தார் பண்டிக முடிஞ்ச கையோட வந்து, அங்கிள், லைட்டத் தொட்டா சுர்ருங்குதுன்னா. செருப்பு போட்டுக்கிட்டு குளிம்மான்னேன். நெசமா அப்பிடித்தான் சொன்னேன். பேங்க்ல வேல, காலையில கண்ணாடி முன்னால ஒரு மணி நேரம். இவ்வளவு அழகு பாத்தா கரண்டுக்கும் ஆச வரத்தானே செய்யும்னு கூடச் சொன்னேன். மூஞ்சத் தூக்கிக்கிட்டுப் போனா.

பிறகென்ன, ஈரக் கையோட தொட்டா, போய்ட்டா. இருபத்தாறு வயசு. அவங்கம்மா வந்து வாசல்ல உருண்டு அழுதிச்சு. அதுவும் ஞாயித்துக்கிழம, நான் பூசைக்குப் போற நேரம் பாத்து.

கழட்டிட்டீங்களா? பச்சக் கம்பி இறுக்கி இருக்கா? இருக்கும், இருக்கும். கரண்ட் வேல செய்யிற வலன்ரைன் பாஸ் பூட்டினது. வயரிங்ல அவன் சுத்தம், ஒவ்வொரு ஸ்குரூவையும் ரெண்டு தரம் முறுக்குவான்.

அப்ப கோளாறு எங்கன்னா, கீழ வாங்க, காட்டுறேன். இந்தா, சுவரோரமா வந்து இந்தப் பைப்புல கிளிப் போட்டிருக்கு பாருங்க, அதே பச்சக் கம்பிதான். பைப்பத் தட்டிப் பாருங்க. ஆமா, பிளாஸ்டிக்.

இங்க பழைய வீடுகள்ல ஏர்த்துன்னா தண்ணி பைப்புதான் தம்பி. இரும்பு, மண்ணுக்குள்ள போகுது, கரண்ட் கசிஞ்சா அது வழியா எறங்கிடும். தண்ணி துருவா வருதுன்னு நத்தாருக்கு இரும்பப் புடுங்கிட்டு இதப் போட்டேன். கிளிப்ப ஏன் வீணாக்கணும்னு அதே எடத்துல நானே மாட்டிவிட்டேன். சிரிப்பு வருதா? எனக்கும் வந்திச்சு.

தெரியாமலா இருந்தேன்? வலன்ரைன் வந்து பாத்துட்டுப் படிச்சுப் படிச்சுச் சொன்னான். செம்புக் கம்பி ஒண்ண மண்ணுல அடிக்கணும், அதுவரைக்கும் அந்த லைட்டப் போட விடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டான். முத்தத்துல அப்பதான் டைல்ஸ் பதிச்சிருந்தேன். ஒரு குமரிக்காக அத ஒடைக்கச் சொல்றியான்னு வெரட்டிவிட்டேன்.

கரண்ட் கசிஞ்சா தானா விழுற ட்ரிப் சுவிட்சா? அது செத்துப் பல வருஷம். நேத்துதான் வேற ஒருத்தன் வந்து மாத்திட்டுப் போனான். எல்லா வேலையையும் ஒரே ஆள்கிட்ட குடுக்கக் கூடாது பாருங்க.

இப்ப டைல்ஸ் ஒடைச்சாச்சு. செம்புக் கம்பி இந்தா இருக்கு, அடிச்சு இந்தப் பச்சக் கம்பிய அதுல கட்டிருங்க. மேல மண்ணத் தள்ளி, பழசு மாதிரி அமத்திருங்க. வியாழக்கிழம கோர்ட்டுல சொல்லி ஒரு இன்ஜினியர் பாக்க வாறாரு. அப்பறம் திரும்ப ஏணியில ஏறி, லைட்டுக்குள்ள இருக்கிற பச்சக் கம்பியக் கழட்டி சும்மா தொங்கவிட்டுருங்க. பூட்டினவன் ஏர்த்தே குடுக்கலன்னு தெரியணும்.

என்ன முழிக்கிறீங்க? நீங்க மாட்டேன்னா கட்டுகஸ்தோட்டையில வேற பாஸ் இல்லையா?

வலன்ரைனா? அவன் ரிமாண்ட்ல. அவன் வயரிங்தான் பிழைன்னு நான்தான் பொலிசுல எழுதிக் குடுத்தேன். அவன் பொண்டாட்டி பியட்றிஸ் என் கூடப்பொறந்த தங்கச்சி. காலைல இருந்து மூணு தரம் கோல் எடுத்துட்டா, அண்ணே, அவருக்காக கோர்ட்டுல வந்து ஒரு வார்த்த பேசுங்கண்ணேன்னு. வாரேன்னு சொல்லியிருக்கேன்.