நூலைப் பார்த்து ஊற்றினேன்

போத்தல் கழுவுவது எனக்குப் பிடித்த வேலை, இன்ஸ்பெக்டர் ஐயா. டயகமப் பக்கத்து மலைக் குளிரில் நாள் முழுக்கச் சுடுதண்ணீரில் கை வைத்துக்கொண்டு நிற்கலாம், அதற்குச் சம்பளமும் உண்டு என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? தேயிலைத் தோட்டத்துப் பையன் கொஞ்சம் படித்துவிட்டால் அவனுக்கு இரண்டு இடங்கள்தான். ஒன்று பள்ளிக்கூடம், மற்றது ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே என் அப்பா இருந்தார்.

என் பெயர் அலோசியஸ். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றுகிறவன். கலக்குகிறவர் டொக்டர் ஜெயரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், மூன்று தோட்டங்களுக்கு ஒரே டொக்டர், நல்ல மனிதர். இதை அவருக்கு எதிராக எழுதிக்கொள்ள வேண்டாம்.

நூலைப் பற்றிக் கேட்டீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் திங்கட்கிழமை காலை வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்கள் வரும்போது, மருந்து வேண்டியவர்கள் தங்கள் வெற்றுப் போத்தலையும் கொண்டுவருவார்கள். மீனம்மா என்கிற அக்கா எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கித் தலையில் சுமந்து வருவார். நான் கழுவி, மருந்து ஊற்றி வைப்பேன். சாயந்தரம் அவரே திரும்பச் சுமந்து போவார். அவரவர் போத்தல் அவரவருக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியது எந்தப் போத்தலுக்கு எந்த மருந்து என்பது மட்டும். அதற்காக ஒவ்வொரு போத்தலின் கழுத்திலும் டொக்டர் ஐயா ஒரு நூல் கட்டியிருந்தார். வெள்ளை நூல் சாதாரண இருமல். பச்சை வயிற்றோட்டம். கறுப்பு, பூசுகிற எண்ணெய். சிவப்பு நெஞ்சு நோய், அதாவது சயரோகம்.

"வருத்தத்தின்ர பேரை எழுதி ஒட்டினா வாசிக்கத் தெரிஞ்சவன் எல்லாம் வாசிப்பான், தம்பி," என்பார். "ஒருத்தரின்ர வருத்தம் ஊர்ச் சொத்து இல்லை. இந்த நூலுகளின்ர அர்த்தம் எனக்குத் தெரியும், உமக்குத் தெரியும். அதோட நிக்க வேணும்."

ஆக, நூல் வந்ததே இரகசியம் காக்கத்தான். இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்.

சயரோக மாத்திரையை மாத்திரையாகக் கொடுத்தால் எங்கள் சனம் விழுங்காது. தண்ணி மருந்துதான் மருந்து என்று நினைக்கிற சனம். அதனால் டொக்டர் ஐயா மாத்திரைகளை இடித்து இருமல் பாணியில் கலந்து, தனிச் சாடியில் வைத்துவிட்டுப் போவார். பார்வைக்கு இரண்டும் ஒன்று. அதே மண் நிறம், அதே வாசம். நூலை எடுத்துவிட்டால் எனக்கே வித்தியாசம் தெரியாது.

ஜோசப்பின் அக்கா எங்கள் பிள்ளைக் காம்பராவின் ஆயா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை அவரிடம்தான் விட்டுப்போவார்கள். பிள்ளைகள் தூங்கும்வரை மடியிலேயே வைத்திருப்பார். அவருடைய போத்தலில் சிவப்பு நூல். மாதா கோயிலில் பூசைக்கு வைன் வந்த போத்தல் அது. பச்சைக் கண்ணாடி, வாயோரத்தில் ஒரு சில்லு உடைந்தது. தோட்டத்தில் அப்படி வேறு போத்தல் கிடையாது.

சயரோகக்காரியைப் பிள்ளைகளோடு விடலாமா என்று நானே டொக்டர் ஐயாவிடம் கேட்டேன். "ஊசியெல்லாம் போட்டு முடிஞ்சுது. இப்ப அவவால ஒருத்தருக்கும் தொத்தாது," என்றார். "ஆனா மருந்தை நிப்பாட்டினா திரும்ப வந்திடும். அவ ஒழுங்காக் குடிக்கும் வரைக்கும் அந்தப் பிள்ளையளுக்கு ஒண்டும் வராது. விளங்குதோ?"

விளங்கியது என்றேன். விளங்கியும் இருந்தது.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, இயேசு பிறந்த நத்தாருக்குக் கோயில் மண்டபத்தில் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டோம். எழுதியவன் நான். நடித்ததும் நான். டொக்டர் வேடம். தோட்டத்தில் எனக்கு அந்தப் பெயர் இருந்தது. அலோசியஸ் வாயைத் திறந்தால் சிரிப்பு என்பார்கள். ஒரு காட்சியில் போத்தல்களைத் தூக்கிக் காட்டிப் பாடினேன்.

"பச்ச நூலு பேதிக்கு,
வெள்ள நூலு இருமலுக்கு,
கறுப்பு நூலு காலு வீக்கம்,
செவப்பு நூலா? சொல்ல மாட்டேன்,
நெஞ்சத் தொட்டுப் பாருங்க."

பிறகு சிவப்புக் கைக்குட்டையை வாயில் வைத்து இருமினேன். மண்டபம் அதிர்ந்தது. ஜோசப்பின் அக்கா முன் வரிசையில் இறக்கை கட்டிச் சம்மனசு வேடம் போட்ட பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். சிரிப்பு நின்ற இடத்தை நான் மேடையிலிருந்து பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பெரட்டில் யாரும் வேலையைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்று போத்தல் பார்த்தார்களாம்.

"இது நம்ம ஆயாம்மா போத்தலுல்ல?"

"அடியாத்தே, செவப்பு நூலு!"

அன்று பிள்ளைக் காம்பராவுக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தன. மீனம்மா தன் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே பெட்டியையும் சுமந்துவந்தார்.

ஜோசப்பின் அக்கா நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். யன்னலுக்கு வெளியே மருந்துக்கு வரிசை நின்றது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

"ஐயா, இந்தப் பய வாயாலதான் எம்பொழப்புப் போச்சுங்க. மாதா மேல சத்தியம் பண்ணச் சொல்லுங்க, இனிமே யாரு சீக்கையும் பத்திப் பேச மாட்டேன்னு."

டொக்டர் ஐயா என்னை யன்னலடிக்குக் கூப்பிட்டார். கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முழங்காலில நில்லும்," என்றார். நின்றேன். "சொல்லும். ஒருத்தரின்ர வருத்தத்தைப் பற்றியும், ஒருத்தருக்கும், எந்தக் காரணத்துக்கும் வாய் திறக்க மாட்டன்."

சொன்னேன். வரிசை சிரித்தது. நத்தார் நாடகத்துக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தது. எனக்கு அதனால் கோபமில்லை. சிரிப்பைப் பற்றித் தெரிந்தவன் நான். எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிறகு வந்த திங்கட்கிழமை பச்சைக் கண்ணாடிப் போத்தலின் கழுத்தில் வெள்ளை நூல் இருந்தது.

எனக்கு உடனே புரிந்தது. ஜோசப்பின் அக்கா சிவப்பை அறுத்துவிட்டு வெள்ளையைக் கட்டியிருக்கிறார். நூல் என்பது ஊருக்கு நோயின் பெயரைக் காட்டுகிற அடையாளம் என்று நினைத்துவிட்டார். என் பாட்டு அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. மருந்து தன் போத்தலைத் தேடிவரும் என்று நம்பினார். நூல் என்னோடு பேசுகிறது என்பது அவருக்குத் தெரியாது.

போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். இது சிவப்புக்காரியின் போத்தல் என்று டொக்டர் ஐயாவிடம் சொல்லலாம். ஆனால் அது ஒருவருடைய வருத்தத்தைப் பற்றி வாய் திறப்பது. ஒருத்தருக்கும் என்றால் டொக்டருக்கும்தான். எந்தக் காரணத்துக்கும் என்றால் இந்தக் காரணத்துக்கும்தான். வார்த்தைகளைத் தெரிந்தெடுத்தவர் அவர். நான் திருப்பிச் சொன்னவன்.

வெள்ளை நூலுக்கு இருமல் பாணி. ஊற்றினேன்.

சிவப்புச் சாடியில் ஒருவருடைய பங்கு மிஞ்சியது. அதை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த டேலியாச் செடிக்கு ஊற்றினேன். எல்லாத் திங்கட்கிழமையும் ஊற்றினேன். இந்த மலையில் சயரோகம் வராது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே சீவன் அந்த டேலியாதான்.

மீனம்மா அக்கா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒருநாள் யன்னலில் தலையை நீட்டினார்.

"தம்பி, ஆயாம்மா போத்தலுக்கு இப்ப வெள்ள நூலு. அப்ப சும்மா இருமல்தானா? நான் புள்ளய அங்க விடலாமா? முதுகுல கட்டிக்கிட்டு எத்தன நாளைக்குச் சுமக்கிறது?"

"அடுத்தவங்க வருத்தத்தப் பத்திப் பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேங்கக்கா. நீங்களும் வரிசைல நின்னு சிரிச்சீங்கதானே?"

"அட போப்பா, இன்னும் மனசுல வச்சிருக்கியா? வெள்ள நூலுன்னா வெள்ள நூலுதானே?"

நான் போத்தல் துடைத்தேன். அவர் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டார். பிள்ளையைக் கொண்டுபோய் விட்டார். மற்றத் தாய்மாரும் விட்டார்கள். வெள்ளை நூல் பிள்ளைக் காம்பராவைத் திரும்ப நிரப்பியது. ஜோசப்பின் அக்காவுக்கு வேலை தப்பியது. அவர் சந்தோசமாக இருந்தார் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

டொக்டர் ஐயாவிடம் உடம்பைக் காட்ட மட்டும் அவர் வரவில்லை. வந்தால் யாராவது பார்ப்பார்களே. டொக்டர் ஐயாவுக்கோ மூன்று தோட்டம். "ஜோசப்பினுக்கு மருந்து ஒழுங்காப் போகுதோ?" என்று என்னிடம் கேட்பார். "ஒவ்வொரு கிழமையும் போகுதுங்க ஐயா," என்பேன். போய்க்கொண்டுதான் இருந்தது.

மாசி கடைசியில் ஒரு மழை நாள், தூரத்தில்கூட ஆள் இல்லாத நேரம் பார்த்து ஜோசப்பின் அக்கா யன்னலுக்கு வந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார்.

"தம்பி, கோவமில்லையே? அன்னைக்கு ஆத்திரத்துல அப்படிச் சொல்லிட்டேன்."

"இல்லைங்கக்கா."

"ஒரு சொட்டு விடாமக் குடிக்கிறேன். ஆனாலும் ராவுல இருமல் வருது. மருந்து மாறிடலயே?"

"நூலப் பார்த்துத்தாங்க ஊத்துறேன்."

அவர் சிரித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நூலுல என்ன தம்பி இருக்கு, அது ஊருக்குக் காட்டத்தானே. மருந்து எம்மருந்துதானே?"

"ஆமாங்கக்கா," என்றேன்.

அவர் எனக்கு இரண்டு பிஸ்கற் கொடுத்தார். பிள்ளைக் காம்பராப் பிள்ளைகளுக்கு வந்தது, மிச்சம் என்றார். சாப்பிட்டேன்.

சித்திரையில் மீனம்மாவின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு கழுத்து விறைத்தது. நுவரெலியாவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே அடக்கம் செய்துவிட்டுக் கொண்டுவந்தது வெறும் துணியை. மூளைக் காய்ச்சல் என்று சொன்னார்களாம். எந்த மூளைக் காய்ச்சல் என்று, சயரோகத்தால் வருவது என்று, எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமையும் மீனம்மா பெட்டியைச் சுமந்து வந்தார். பிள்ளைக் காம்பராவில் விட இனிப் பிள்ளை இல்லாததால் நேரே வந்தார். அந்தப் பெட்டியில் பச்சைக் கண்ணாடிப் போத்தல் இருந்தது. வெள்ளை நூல். ஊற்றினேன்.

வைகாசியில் ஜோசப்பின் அக்கா பிள்ளைக் காம்பராவிலேயே இரத்தம் கக்கி விழுந்தார். டொக்டர் ஐயா ஓடினார். பெரிய ஆஸ்பத்திரியில் அக்கா மூன்றாம் நாள் இறந்தபோது, தலைமாட்டில் அந்தப் போத்தல் இருந்திருக்கிறது. வீட்டிலிருந்து மறக்காமல் எடுத்துவரச் சொன்னாராம். டொக்டர் ஐயா அதைக் கொண்டுவந்து என் முன்னால் மேசையில் வைத்தார். வெள்ளை நூலைத் தொட்டார்.

"இது ஆரின்ர போத்தல் எண்டு உமக்குத் தெரியுமோ?"

நான் கழுவிய போத்தல்களை அடுக்கினேன்.

"அலோசியஸ், தெரியுமோ?"

"சத்தியம் செஞ்சிருக்கேனுங்க ஐயா," என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்து ஆள் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு அவர்தான் உங்களுக்கு ஆள் அனுப்பினார். பிள்ளைக் காம்பராப் பிள்ளைகள் எல்லோருக்கும் இப்போது நெஞ்சுப் படம் எடுக்கிறார்கள் என்று கேள்வி. நல்லது.

தெரியுமா என்று நீங்களும் கேட்கிறீர்கள். தெரியும். முதல் திங்கட்கிழமையே தெரியும். ஜோசப்பின் அக்கா சாவார் என்பது தெரியும். பிள்ளைகளுக்குத் தொற்றும் என்பதும் தெரியும், கேட்டு வைத்திருந்தேனே. வேண்டுமென்றே செய்தாயா என்கிறீர்கள். சொன்னபடி செய்தேன். நான் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை, 'ஆமாங்கக்கா' என்று. அதைக் குற்றம் என்று எழுதுவதானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெளியே விறாந்தையில் மீனம்மா அக்கா நிற்கிறார். என்னை ஏன் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று அவருக்கு இன்னும் தெரியாது. காலையில் எனக்காகத் தேத்தண்ணி கொண்டுவந்தார், குடித்தேன். நீங்கள் போகும்போது உங்களிடம் கேட்பார். பிள்ளைக்கு எதனால் வந்தது என்று சொல்லிவிடாதீர்கள்.

எனக்காகச் சொல்லவில்லை, ஐயா. அது ஜோசப்பின் அக்காவின் வருத்தம். வெளியே போகக்கூடாது.