நம்மூர் மணி

“சிங்கப்பூரு வேணாம், ஜெர்மனிக்கு மாறிப் பாருங்க.”

வீரசோழன் ஊருக்குப் போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் ஸ்பீக்கர் போனில் இப்படிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மஸ்கட்டில் வீடியோ அழைப்புக்குத் தடை; அங்கிருக்கும் கணவர் வீடியோவில் வர, வேறு நாட்டு வழியாக இணைக்கும் விபிஎன் செயலி வேண்டும். அது இணையவில்லை. அதில்தான் நாடு மாற்றச் சொல்கிறார்.

“மாத்திட்டேன், சேரல. விட்டுரு.”

“விட முடியாது. சாயங்காலம் மகளப் பொண்ணு பாக்க வாராக. வாப்பா மொகத்த அவுக பாக்கணும். வைஃபைய அமத்திட்டு டேட்டாவுல பாத்தீகளா?”

“பாத்துட்டேன்.”

“போன்ல மணி சரியா இருக்கா?”

“நானே மாத்தி நம்மூரு மணிக்கு வச்சிருக்கேன். நீங்க சாப்பிடுற நேரம் தெரியட்டும்னு.”

முன்சீட்டுப் பெண் போனை வாயருகே கொண்டுபோனார்.

“அதான் சேரல. போன் மணி அந்த ஊரு மணியோட ஒத்துப்போகலன்னா விபிஎன் சேராது. மஸ்கட் மணிக்கே மாத்துங்க. சாப்பிட உக்காரயில தெனமும் நானே கூப்புடுறேன்.”